கடை வாசலில் மஞ்சள் வட்டம்

யாரையும் நம்புவது எனக்குப் பழக்கமில்லை. தேதியைப் பார்த்து வாங்கிய பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் பாத்திரத்தில் ஊற்றுவேன். என் மனைவி அப்படியே நேர்மாறு. முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு டிபன் கடை. முன்பின் தெரியாதவன் வந்து, "அக்கா, இந்தப் பையைப் பாத்துக்கோங்க" என்றால் வாங்கி அடுப்படியில் வைத்துக்கொள்வாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

வீட்டின் முன்னறைதான் கடை. அதற்கு முன்னால் ரோட்டு ஓரம் வரைக்கும் ஒரு தகரக் கொட்டாய், பெஞ்சுகள், தோசை அடுப்பு. வீட்டுக்குப் பட்டா உண்டு. கொட்டாய் நிற்கிற இடம் புறம்போக்கு. அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் வியாபாரம் முழுக்க அந்தக் கொட்டாயில்தான். அது போனால் கடை போன மாதிரிதான்.

எங்களைப் போல ரோட்டோரம் பிழைக்கிறவனுக்குப் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தாலே பயம். ரோட்டை அகலப்படுத்துகிறவர்கள் முதலில் அதோடுதான் வருவார்கள். சுவரில் ஒரு கோடு போடுவார்கள். பிறகு அந்தக் கோடு வரைக்கும் இடிக்கிற மிஷின் வரும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், சைக்கிளில் ஓர் ஆள் ரோட்டு ஓரத்தை ஒட்டியே மெதுவாக வந்தான். எங்கள் கடைக்கு நேராக இறங்கினான். தாரில் ஓர் ஆணி அடித்து, அதைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டான். நான் கரண்டியோடு ஓடினேன்.

"யாருப்பா நீ? எந்த ஆபீசு?"

"ஆபீஸ் இல்லண்ணா. மாரத்தான் நடக்கப் போவுது. அதுக்கு தூரம் அளக்கறோம்."

காசு கட்டிவிட்டு, சென்னையிலிருந்து கிளம்பி வந்து, நம்ம ரோட்டில் ஓடுவார்களாம். துரத்த ஆளில்லாமல் எவனாவது ஓடுவானா? அதற்குக் காசும் கட்டுவானா? அளக்க வந்தவன் நல்லாத்தான் கதை விடுகிறான் என்று எனக்குத் தோன்றியது. மிஷின் வந்து நசுக்குவதற்குள் தகரத்தையாவது காப்பாற்றலாம் என்று, மறுநாளே நானே ஏறிக் கொட்டாயைப் பிரித்துவிட்டேன்.

"யோவ், உனக்கு இன்னா பைத்தியமாய்யா?" என்று அவள் கீழே நின்று கத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பாதி ரோட்டை அடைத்தார்கள். நிஜமாகவே ஓடினார்கள். கிழவர்கள், பெண்கள், புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி, எல்லோரும் கூட்டம் கூட்டமாக. மஞ்சள் வட்டத்துக்குப் பக்கத்தில் கிலோமீட்டர் பலகை நின்றது. ஓடி முடித்தவர்களும் கூட வந்தவர்களும் நாஸ்தாவுக்குக் கடையில் குவிந்தார்கள். நிழல் இல்லை. தட்டோடு வெயிலில் நின்று சாப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த மச்சான், அவளுடைய தம்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, மிஷினுக்கு வாடகை மிச்சம் பண்ணிக் குடுத்துட்டியே!"

அதன் பிறகு ஊரே அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்தது. கொட்டாயைத் திரும்பப் போட்டேன்.

வருஷா வருஷம் மாரத்தான் வந்தது. மெல்ல அது எங்கள் பக்கத்துத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. மீன் கூடைக்காரிகள் உள்ரோடு சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே என்று திட்டுவார்கள், திட்டிவிட்டு நின்று வேடிக்கையும் பார்ப்பார்கள். பக்கத்துக் காலனிக்காரர்கள் மேளம் அடித்து ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்துவார்கள். தண்ணீர் கேன்களை எங்கள் முன்னறையில்தான் அடுக்குவார்கள். அடுக்க வருகிற பையன்களுக்கு அன்றைய முதல் காபி எங்கள் கடையில்தான். அவள் பெரிய அண்டாவில் பொங்கல் போடுவாள்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆசை வந்தது. தகரத்தை எடுத்துவிட்டு, சிமெண்ட் மேடை, டைல்ஸ், கிரானைட் வைத்த அடுப்பு. புறம்போக்கில் கட்டாதே என்று நான் வாயைத் திறந்தால் போதும், மச்சான் தகரக் கதையை ஆரம்பித்துவிடுவான். கடைசியில் விட்டுக்கொடுத்தேன். டைல்ஸை அவளே மாமல்லபுரம் போய்ப் பொறுக்கி வந்தாள். மேடை முடிந்த அன்று செருப்போடு யாரையும் ஏற விடவில்லை.

அடுத்த மாரத்தானுக்குக் கொஞ்ச நாள் முன்னால், காலையில் கடை திறந்தால் மேடை ஓரத்தில் மஞ்சள் வட்டம். நடுவில் ஆணி.

எனக்குத் திக்கென்றது. அவள் சிரித்தாள். "போன வருசம் தார்ல போட்டாங்க. இந்த வருசம் நம்ம மேடையிலியே போட்டுக்கீறாங்க. நம்ம கடைக்கு அவ்ளோ மருவாதி!" வட்டத்தைச் சுற்றிக் கோலமும் போட்டாள்.

நானும் சிரித்துவிட்டேன். இந்த ஒரு தடவையாவது சந்தேகப்படாமல் மனுஷனாக இருப்போம் என்று தோன்றியது. தன் கடை முன்னாலும் வட்டத்தைப் பார்த்துப் பதறிய இளநீர்க்காரனிடம், "மாரத்தான்டா, பயப்படாத" என்று நானே போய்ச் சொன்னேன்.

ஓட்டத்தன்று கிலோமீட்டர் பலகையைப் பழைய இடத்திலேயே, தாரில்தான் வைத்தார்கள். கோலம் போட்ட வட்டத்தை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேன் அடுக்கிய பையனைக் கேட்டேன். "இது எங்களோடது இல்லண்ணா" என்றான். அவளிடம் ஓடினேன்.

"வந்துட்டான்யா! வாய மூடிகினு தேங்கா துருவு, சட்னி தீந்து போச்சு" என்றாள்.

அடுத்த மாதம் ரோட்டை அகலப்படுத்துகிறவர்கள் டேப்போடு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். தப்பாக வந்தவர்களுக்கு வழி சொல்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள். "சார், இது மாரத்தான்காரங்க போட்ட அடையாளம் சார். வருசா வருசம் போடுவாங்க."

"இல்லம்மா. இது நாங்க போட்டது."

அவள் அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையைப் பெயர்த்தபோது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த நிமிஷம் வலித்தது. நான் சொன்னது பலித்துவிட்டதே என்று ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை.

இப்போது முன்னறையில் மட்டும் கடை நடக்கிறது. படியை விட்டு இறங்கினால் ரோடு. நாலு பேர் உட்காரலாம்.

இந்த வருஷமும் மாரத்தான் பையன்கள் வந்தார்கள். எப்போதும் வருகிற அதே முகங்கள்தான். "அக்கா, கேன் வைக்கணும்" என்று ஒருவன் படியேறினான். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"யாரு நீங்க? எந்த ஊரு? பையில இன்னா கீது, திற."

அவன் அசடு வழியப் பையைத் திறந்து காட்டினான். பிஸ்கட்டும் கயிறும்தான் இருந்தன. அவள் கயிற்றை வெளியே எடுத்தாள். "இது இன்னாத்துக்கு? அளக்கறதுக்கா?"

"பேனர் கட்டறதுக்குக்கா."

எனக்குத் தாங்கவில்லை. அவள் பழையபடி காபி கொடுத்தால் போதும், இந்தப் பையன்கள் கேன் என்ன, வீட்டையே வைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. "நம்ம பசங்கதான்டி. தெரிஞ்சவங்கதானே, உள்ள விடு" என்றேன்.

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஏன்யா இவங்களுக்குப் பரிஞ்சுகினு வர?" என்றாள். "உங்கிட்ட முன்னாடியே வந்து பேசினாங்களா?"