பதினோரு மணி சிஸ்டர்

பாடம் நடக்கும்போது வகுப்புக்குள் யாரும் நுழையக் கூடாது என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் போட்ட சட்டம். போன செவ்வாய்க்கிழமை என் மருமகள் செண்பகம் கேட்காமல் கொள்ளாமல் ஐந்தாம் வகுப்புக்குள் வந்து நின்றாள். "அத்தே, கிரேஸ் சிஸ்டர் போயிட்டாங்களாம்" என்றாள். பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் அன்று நான் பாடம் நடத்தவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிரேஸ் சிஸ்டர் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் வார்டுக்குப் போவார். பிள்ளை பெற்றும் முகம் செத்துக் கிடக்கிற பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்து, வீட்டிலோ பக்கத்திலோ போன் உண்டா என்று கேட்டு நம்பரைக் குறித்துக்கொள்வார். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு தாமே கூப்பிடுவார். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி என்று முக்கூடல், நாங்குநேரி, எங்கள் விக்கிரமசிங்கபுரம் எனப் பல ஊர் நம்பர்கள் அவரிடம் சேர்ந்தன.

இது எனக்குத் தெரியவந்த விதம் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இல்லை.

செண்பகத்துக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். பேத்திக்கு இரண்டு மாதம் ஆகும்போது கோடை விடுமுறை வந்தது. வீட்டில் இருந்து பார்க்கையில்தான் கவனித்தேன். பிள்ளை அழும், இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலை சீவ மாட்டாள். சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருப்பாள். சோம்பல் என்று முடிவு கட்டினேன். நாங்களெல்லாம் பெறவில்லையா என்று கேட்கவும் செய்தேன். என் வாய் சும்மா இருக்காது. ஆனால் தினமும் காலை பதினோரு மணிக்குப் போன் அடித்தால் மட்டும் எழுந்து ஓடுவாள். பத்து நிமிஷம் "உம்... உம்... மூணு... உம்" என்பாள், வைத்துவிடுவாள். யார் என்று கேட்டால் சிநேகிதி என்பாள். எங்கள் வீட்டுக் குறைகளை யாரோ அவள் வாயைக் கிண்டி வாங்குகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் மணி அடித்தது. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் எடுத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "உக்காந்துட்டியாம்மா? பைய மூச்ச விடு. காலு தரையில இருக்கா?" என்றது ஒரு வயதான பெண்குரல். என்ன மாயமோ, "உம்" என்றேன். தரை குளிர்ந்திருக்கிறதா என்று கேட்டது. குளிர்ந்துதான் இருந்தது. எத்தனை சத்தம் கேட்கிறதென்று எண்ணச் சொன்னது. தெருவில் சைக்கிள் மணி, குழாயடியில் குடம், உள்ளே பேத்தியின் சிணுங்கல். "மூணு" என்று மெல்லச் சொன்னேன். மாமியார் பக்கத்தில் நின்றாலும் மருமகள் பதில் சொல்லும்படியாகவே அந்தக் கேள்விகள் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த கேள்வி வந்தது. "பிள்ளையோட ஆத்துல இறங்கிரலாம்னு இன்னைக்கும் தோணுச்சா?"

ஒருவழியாக நான் யாரென்று சொன்னேன். தாம் பாளையங்கோட்டை கிரேஸ் சிஸ்டர் என்றது அந்தக் குரல். பிறகு, "அவகிட்ட இப்ப ஒண்ணும் கேக்காதீங்க டீச்சர். திட்டாதீங்க. தனியா மட்டும் விட்றாதீங்க. நான் வாரேன்" என்றார். போனை வைத்துவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கதவருகே போய் நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அது நின்றுவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டபடி நின்றேன்.

மத்தியானத்துக்குள் பஸ் பிடித்து வந்துவிட்டார். முதலில் செண்பகத்தின் எதிரே தரையில் உட்கார்ந்து, குரலைக் கவனிக்காமல் பேசியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் என்னிடம் திரும்பி, "நானும் தப்புத்தான் பண்ணிட்டேன் டீச்சர். யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு அழுதா. நானும் கேட்டுட்டேன். மொத நாளே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார். மாத்திரை மாதக்கணக்கில் ஓடியது. பிள்ளையை நானும் என் மகனும் மாறி மாறிப் பார்த்தோம். போனும் வந்துகொண்டிருந்தது. மூச்சைக் கவனித்தால் மட்டும் தீராது, மருந்தும் வேண்டும், வீட்டில் ஆளும் வேண்டும் என்பதில் சிஸ்டர் கறாராக இருந்தார். இந்த முறைக்கு என்ன பெயர் என்று ஒருமுறை கேட்டேன். "பேரு எதுக்கு டீச்சர்? இருக்க எடத்துல இருக்கது, அவ்வளவுதான்" என்றார்.

தீபாவளி நெருங்கும்போது ஒருநாள் செண்பகம் பிள்ளையிடம் ஏதோ கதை பேசிக்கொண்டே எண்ணெய் தேய்த்தாள். அடுப்படியில் நின்று அதைக் கேட்டு அழுதேன். அந்தப் பிள்ளை இப்போது என் பள்ளிக்கூடத்தில்தான் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள், வாயாடி.

அடக்கத்துக்குப் பாளையங்கோட்டை போயிருந்தோம். வாசலில் பிள்ளைகளோடு ஏகப்பட்ட பெண்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. பாதிப் பேர் சிஸ்டரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மகனைக் கையில் பிடித்திருந்த ஒரு பெண் பெட்டிக்குள் கிடந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவங்கதானாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். "எனக்குக் கொரலுதான் தெரியும்." இவர்தான் என்றேன். அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

சிஸ்டர், போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, என் மகன் பிறந்த சமயத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். அதுவரை என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போய்விட்டேன். அது பொய். நானும் அவனைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் படித்துறை வரை போனவள்தான். யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். முப்பது வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லியிருக்கலாம்.

அடக்கம் முடிந்து வந்து அந்தப் படித்துறைக் கதையைச் செண்பகத்திடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எத்தன மாசம் அப்பிடி இருந்துச்சு அத்தே?" என்று கேட்டாள்.

சொன்னேன். போய் வாருங்கள் சிஸ்டர்.