பதினாறு என்றுதான் படித்தேன்

இதை எழுத எனக்குப் பல வருஷம் தைரியம் வரவில்லை. பிளஸ் டூ படித்தவள் மிஷினைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறாள் என்பார்களே என்ற கூச்சம். மஸ்கட்டில் இருந்த என் வீட்டுக்காரரும், "போனது போகட்டும், விடு" என்றார். நான் விடவில்லை. எழுதாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்குச் சாமான் செய்து அனுப்பும் சின்னக் கம்பெனிகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கிய காலம். பூதலூரிலிருந்து ரயிலில் தஞ்சாவூர் போய் அப்படி ஒன்றில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் சொன்ன அளவுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிகள் அங்கே தயாராகும். ஒவ்வொன்றையும் முழு லோடில் நாலு மணி நேரம் ஓட்டி, கம்ப்யூட்டர் வழியாக அதன் நிலையைக் கேட்டு, தாளில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

பெட்டிக்குள் அதன் நிலையை எண்ணாகக் குறித்து வைக்கும் இரண்டு ரிஜிஸ்டர் உண்டு. ஒன்று, இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது என்று சொல்லும். இன்னொன்று, நடுவில் ஏதாவது நடந்திருந்தால் பிடித்து வைத்திருக்கும். சூடு மீறினால் அதில் பதினாறு நிற்கும். பெட்டி ஆறின பிறகும் நிற்கும். ஆனால் ஒரு தடவை படித்துவிட்டால் அழிந்து பூஜ்யமாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை, லாரி வாசலில் நிற்க, கடைசிப் பெட்டியில் பதினாறு வந்தது. தப்பு என்னுடையதுதான்: யாரையும் கூப்பிடாமல் தனியாகப் படித்துவிட்டேன். நான் சொன்னதும் சூப்பர்வைசர் வந்து கம்ப்யூட்டரில் மறுபடி படித்தார். பூஜ்யம்.

"எங்கம்மா உங்க பதினாறு? ரயில் ஏறிப் போயிடுச்சா?"

"நான் படிச்சதால அழிஞ்சிடுச்சு சார். உங்களுக்குத் தெரியாததா? இன்னொரு நாலு மணி நேரம் ஓட்டுங்க. நீங்களே முதல்ல படிங்க, நான் கிட்டகூட வரல."

"அதை லாரிக்காரன்கிட்ட நீங்க போய்ச் சொல்றீங்களா? கையெழுத்துப் போடுங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போங்க." பிறகு சிரித்தார். "பைபிள் பையிலதானே இருக்கு? அதுமேல கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க, நம்புறேன்."

கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எங்கள் லுத்தரன் குடும்பத்தில் சத்தியம் செய்கிற வழக்கமே இல்லை. கர்த்தர் கூடாது என்று சொன்ன காரியம் அது. நிலத்தகராறில் தாசில்தார் முன்னால் நின்றபோதுகூட என் அப்பா செய்ததில்லை.

"பண்ண மாட்டேன் சார். பதினாறுன்னா பதினாறுதான்."

"அப்போ பொய்."

பாஸ் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, தாளில் பதினாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிழித்தார். இன்னொரு தாளில் அதையே எழுதினேன். அதையும் கிழித்தார். மூன்றாவது தாளிலும் அதையே எழுதினேன். கர்த்தர் என் கையைப் பிடித்திருந்தார் என்றே நம்புகிறேன்.

"திங்கக்கிழமையிலேருந்து வராதீங்க" என்றார். வேறு யாரோ கையெழுத்துப் போட, பெட்டி லாரியில் ஏறியது.

எங்கள் சபையில் இப்போது இதைச் சாட்சியாகச் சொல்கிறார்கள். நான் ஜெபித்ததும் திரையில் பதினாறு திரும்ப வந்ததாம், சூப்பர்வைசர் காலில் விழுந்தாராம். வரவில்லை. விழவில்லை. திரையில் பூஜ்யம்தான் இருந்தது. அந்தப் பூஜ்யத்துக்கு எதிரே நின்றுதான் பதினாறு என்றேன். இதைச் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். பெட்டி போயிற்று, வேலை போயிற்று, அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. என்மேல் இரக்கப்பட்டு எதையும் சேர்க்காதீர்கள்.