வாசலைப் பார்த்த செருப்புகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தைக் கெடுக்க இருந்தேன். வாயால் அல்ல. செருப்பால்!

சாரம் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குமுதா அக்கா இருக்கிறார். கணவர் இல்லை. தையல் மெஷினை மிதித்தே மகள் சுதாவைப் படிக்க வைத்தவர். மாடியில் ஒற்றை அறை எனக்கு. அது கிடைத்ததே அக்காவால்தான். குடும்பம் இல்லாத ஆள், நிலையான வேலை கிடையாது, சொந்த ஊர் எது என்று கேட்டால் நானே கொஞ்சம் யோசிப்பேன்... எந்த ஹவுஸ் ஓனர் வீடு கொடுப்பார்? அக்காதான் 'குடுங்க, நான் பாத்துக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னார். இத்தனைக்கும் அன்றுதான் என்னை முதல்முறை பார்க்கிறார்.

ஏன் சொன்னீர்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. கேட்டு, அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டால்?

சுதாவுக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை. பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. அவனுக்கும் அப்படியே. சிக்கல் பையனின் வீடு. ரெட்டியார்பாளையத்தில் ஒரு 'சொல்தா' குடும்பம் — அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. அப்படிப்பட்ட பையனுக்குப் பெண் கொடுக்க இந்த ஊரில் எவ்வளவு போட்டி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

பையனின் அம்மா, 'வந்து பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன்' என்றிருந்தார். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்த அம்மா சரி என்றால் சரி. இல்லை என்றால் இல்லை.

வந்த பெண்களுக்குக் கொடுக்க வெற்றிலையும் பூவும் வாங்கி வருவது என் வேலை. வாங்கி வந்தேன். வாசலில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கை சும்மா இருக்குமா? ஜோடி சேர்த்து, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி, வரிசையாக வைத்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இதைச் செய்வேன். யோசித்துச் செய்வதில்லை. மூக்கு அரித்தால் யோசித்தா சொறிகிறோம்?

பூவை வாங்க அக்கா வெளியே வந்தார். கீழே பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"யாரு தம்பி இப்பிடி வெச்சது?"

"நான்தாங்க்கா."

"கெளம்புங்கன்னு சொல்ற மாதிரி இருக்குது. அந்தம்மா பாத்தா என்னா நெனைப்பாங்க? திருப்பி வெய்யி தம்பி, சீக்கிரம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளியே செருப்பு தெருவைப் பார்த்துத் தயாராக நிற்கிறது. சகுனம் பார்ப்பவர்கள் என்றால் அதோடு முடிந்தது. பார்க்காதவர்கள் என்றாலும் அவமரியாதை. எனக்காக வாக்குக் கொடுத்தவரின் மகளுக்கு நான் செய்கிற உபகாரமா இது?

அவசரமாகக் குனிந்து முதல் ஜோடியைக் கையில் எடுத்தேன். அதே நேரம் பையனின் அப்பா வெளியே வந்தார். என் கையில் இருந்தது அவருடைய செருப்பு.

வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்னாங்க, எங்கள கெளம்பச் சொல்லிட்டீங்களா?" என்றார். சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் பின்னால் வந்து நின்ற யாரும் சிரிக்கவில்லை. கதவோரம் சுதா நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாய் கலைத்துவிட்டது என்று சொல்லலாமா? எந்த நாய் ஜோடி சேர்த்து வைக்கும்?

நடந்ததைச் சொன்னேன். சின்ன வயதில் பல ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் படுத்துத் தூங்கியவன் நான். விடிவதற்குள் யாராவது தடியோடு விரட்ட வருவார்கள். எழுந்து ஓட வேண்டும். செருப்பு எதிர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தால், திரும்பி மாட்டுவதற்குள் முதுகில் ஒன்று விழும். அதனால் ஓடப்போகிற திசைக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். அப்புறம் லாரி கிளீனர், ஹோட்டல் சர்வர், கல்யாண மண்டபம்... வேலை மாறியது, கை மாறவில்லை. "மரியாதை இல்லாம செய்யலங்க, பழக்கம்" என்று முடித்தேன்.

பையனின் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினார். கொஞ்சம் கனத்த உடம்பு, மூட்டு வலி. நேராகச் செருப்புக்குள் காலை விட்டார். இரண்டு காலும் உள்ளே போய்விட்டன. ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"இந்த முட்டிய வெச்சிக்கினு ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கற மாதிரி திரும்பறேன். ஒரு நாளாச்சும் நீங்க இப்பிடி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

ராணுவத்தில் எத்தனையோ தேசம் பார்த்தவர். இந்தத் தாக்குதலை அவர் எதிர்பார்க்கவில்லை. முதலில் சிரித்தது சுதாதான். அப்புறம் எல்லோரும்.

அந்த அம்மா அக்கா கையிலிருந்த பூவை வாங்கி அங்கேயே தலையில் வைத்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வாங்க. தட்டு மாத்தறத பத்திப் பேசிடலாம்" என்றார்.

செருப்புக்காக அவர் சம்மதிக்கவில்லை. உள்ளே சுதாவோடு பேசும்போதே மனதில் முடிவு செய்திருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனால் செருப்புதான் காரணம் என்று குமுதா அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை.

நல்ல பழக்கம் என்று நாம் பெருமைப்படுவதெல்லாம் எங்கே பிறந்தது என்று தோண்டினால் வேடிக்கையாக இருக்கிறது. வீட்டுக்குள் யார் வந்தாலும் முதலில் 'சாப்பிட்டியா' என்று கேட்கிற ஆளை விசாரித்துப் பாருங்கள்... எங்கேயோ பட்டினி கிடந்திருப்பார். நான் தப்பி ஓடக் கற்றது, இன்னொருவர் முட்டிக்கு வசதியாகிவிட்டது. இருக்கட்டுமே! அன்பு என்று தனியாக ஒன்றை உட்கார்ந்து கற்றுக்கொள்ள எல்லோருக்கும் எங்கே நேரம் கிடைத்தது?

அன்று சாயந்திரம் அக்கா ஒன்று கேட்டார், மாடியில் என் செருப்பும் அப்படித்தான் இருக்கிறதா என்று. ஆமாம் என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். என் செருப்பு திரும்பியிருந்தது. முனை அறைக்குள் பார்த்தபடி!

கீழே எட்டிப் பார்த்து, நீங்களா வைத்தீர்கள் என்று கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே பதில் வந்தது.

"இங்க யாரும் உன்ன தொரத்த மாட்டாங்க தம்பி."

திரும்பி நின்று போட்டுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகிறது. ஆகட்டும்.