ஜெப எண்ணெயில் காயாத படம்

போன வருஷம் ஆனி மாதம் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி மெஷினில் என் மகன் தேவதாஸின் வலது கை சிக்கியது. நாலு விரல் போய்விட்டது. அங்கே பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பேசவில்லை. சோறு ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவான், அப்புறம் வாயை மூடிக்கொள்வான். அவன் அப்பாவும் உயிரோடு இல்லை. நான் என்ன செய்வேன்? "ஆண்டவரே, அவனை ஒரு தரம் எழுப்பும்" என்பதைத் தவிர எனக்கு ஜெபம் வரவில்லை. ஐந்து மாதம் அதையே சொன்னேன். பதில் இல்லை.

சபையில் மைக் பிடித்துச் சாட்சி சொல்லப் பயந்துதான் இதை எழுதிக் கொடுக்கிறேன். அஞ்சாவது வரை படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அழுவதைப் பார்த்து பாஸ்டர் அம்மா, சனிக்கிழமை ஸ்டெல்லா சிஸ்டர் நடத்தும் ஆயில் பெயிண்டிங் வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். தண்ணீரில் மூழ்கும் பேதுருவை இயேசு கை நீட்டித் தூக்குகிற பழைய வெளிநாட்டுப் படம். அதைப் பார்த்துக் கட்டம் போட்டு வரைய வேண்டும். படம் முழுக்க இருட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். முதலில் துணி முழுக்கக் கறுப்பைப் பூசி, வெளிச்சத்தைக் கடைசியில் வைக்க வேண்டுமாம். எனக்குக் கறுப்பு சுலபமாக வந்தது. பேதுருவின் கைதான் வரவில்லை.

"இன்னா ஆண்ட்டி, பேதுரு கை மம்புட்டி மாரி கீது!" என்று சிஸ்டர் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் முடிக்கலாம் என்று எடுத்து வந்தேன். பெயிண்டில் கலக்க சிஸ்டர் கொடுத்த ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோனது. பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெய் இருந்தது, தேவதாஸ் நெற்றியில் தினமும் பூசுவது. இதைவிட நல்ல எண்ணெய் ஏது என்று படத்துக்கும் அதையே தாராளமாகக் கலந்தேன்.

மூன்று வாரம் ஆகியும் படம் காயவில்லை. கார்த்திகை மழை என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. என்னால் தாங்க முடியவில்லை. படத்தோடு அவன் கட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதுவிட்டேன். "ஆண்டவரே, இதுவும் காயல, அவனும் எழுந்துக்கல. எனக்கு ஒண்ணுமே தெரியல."

கட்டில் கிரீச்சென்றது. ஒரு இடது கை நீண்டு வந்து பேதுருவின் கன்னத்தைத் தொட்டது.

"யம்மா, இதுல இன்னாத்த கலந்த?"

"ஜெப எண்ணெ, நைனா."

"ஒலிவ எண்ணெயா? சரியாப் போச்சு. ஆண்டவர் திரும்பி வந்தாலும் இது காயாது."

சிரித்தான். என் பிள்ளை சிரித்தான். "பிளேடு எடு. சுரண்டிட்டு மொதல்லேர்ந்து அடிக்கணும்" என்று கீழே இறங்கி உட்கார்ந்தான். இடது கையால் ஒரு மணி நேரம் சுரண்டினான். நான் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி படுத்துவிடுவானோ என்று வாய்விட்டு ஸ்தோத்திரம் சொல்லக்கூடப் பயம்.

விரல்கள் வளரவில்லை. சில நாட்கள் இன்னும் பேசாமல் கிடக்கிறான். அந்த நாட்களில் நான் ஒன்றும் செய்யத் தெரியாதவள்தான். ஆனால் போன ஞாயிறு அவனே சட்டை பட்டன் போட்டுக்கொண்டு என்னோடு ஷேர் ஆட்டோவில் ஆராதனைக்கு வந்தான்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர்களே, நல்ல வார்த்தை வரவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தெரியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். எனக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார்.

இந்த ஞாயிறும் தேவதாஸ் வாசல் ஓரம் உட்கார்ந்திருப்பான். நீங்கள் கை கொடுத்தால் இடது கையைத்தான் நீட்டுவான். தப்பாக நினைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.