டீச்சர் பிழைத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

ஹந்தானைத் தேயிலை மலையில், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்றால், பனி விலகிய காலை வேளைகளில் கண்டி நகரம் காலடியில் கிடப்பது தெரியும். ஒரு மூலையில் குளம் பளபளக்கும். அதற்குத் தள்ளி வரிசையாகச் சில சிவப்புக் கூரைகள். அதுதான் பெரியாஸ்பத்திரி என்று மாமா ஒருநாள் விரலை நீட்டிக் காட்டினார். மேல் லயத்து டிவியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிற ஆஸ்பத்திரியும் அதுவேதான் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். என்னை யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் கேட்கவில்லை. காலையில் கொழுந்துக் கூடையோடு அம்மா மலைக்குப் போன பிறகு, அந்தக் கூரைகளைப் பார்த்தபடி, எந்தக் கூரைக்குக் கீழே டீச்சர் படுத்திருப்பாள் என்று தேடிக்கொண்டிருப்பேன். பனி வந்து மூடும்போது, டீச்சருக்குக் குளிருமே என்று கவலையாக இருக்கும்.

டீச்சர் என்பவள் அந்தத் தொடர் நாடகத்தில் வந்த நோயாளி. கதை சிங்களத்தில் நடந்தது. அவளுக்கு ஒரு பெயரும் இருந்தது. எங்கள் லயத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. எங்கோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி. தாய் தகப்பன் இல்லை. இது போதாதா எங்கள் பெண்களுக்கு!

லயத்துக்கு அப்போது கரண்ட் வந்திருக்கவில்லை. டிவி இருந்தது மேல் லயத்தில் ஒரே ஒரு வீட்டில். அந்த வீட்டு அக்காவின் அண்ணன் கொழும்பில் வேலை பார்த்து வாங்கி அனுப்பியது. கார் பெட்டரியில் ஓடும். பெட்டரி இறங்கிவிட்டால் யாராவது அதைச் சுமந்துகொண்டு கண்டி டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அன்டெனா மூங்கில் கழியின் உச்சியில் நிற்கும். வெளியே பனி இறங்கினால் டிவிக்குள்ளேயும் பனி இறங்கும். டாக்டரும் தாதிமாரும் அந்த வெள்ளைப் புகைக்குள் மிதந்து மிதந்து நடப்பார்கள். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்குமென்று நான் நினைத்திருந்தேன்.

டிவி வீட்டு அக்காவுக்குச் சிங்களம் தெரியும். அவள் சொல்லச் சொல்லத்தான் மற்றவர்களுக்குக் கதை புரியும். டாக்டர் இரண்டு வார்த்தை பேசினால் அக்கா பத்து வார்த்தை சொல்வாள். அது பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் அக்காவிடம் பேசுவதை விட டீச்சரிடம்தான் அதிகம் பேசினார்கள். தாதி மாத்திரை கொடுத்தால், “வெறும் வயித்துல முழுங்காதடி, ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு முழுங்கு” என்று அம்மா பதறுவாள். டீச்சரைப் பார்க்க யாரும் வரவில்லை என்று ஒருமுறை காட்டினார்கள். அன்றைக்குப் பெண்கள் பட்ட வேதனையைச் சொல்ல முடியாது. ஒருத்தி, பஸ் காசு மட்டும் கையில் இருந்தால் தானே போய்ப் பார்த்துவிட்டு வருவேன் என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முன்வரிசையில் எப்போதும் அத்தை உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்கு அக்கா. லயத்தில் எங்கள் காம்பராவுக்கு, எங்கள் ஓரறை வீட்டுக்கு, அடுத்த காம்பரா அவளுடையது. அவளுக்கும் வயிற்றில் கட்டி. டீச்சர் வயிற்றைப் பிடித்தால் அத்தையும் தன் வயிற்றைப் பிடிப்பாள். டாக்டர்மார் அத்தைக்கு ஆப்பரேசனுக்கு இரண்டு முறை நாள் கொடுத்தார்கள். முதல் முறை, புறப்படும்போது பல்லி சத்தம் போட்டது சரியில்லை என்று நின்றுவிட்டாள். இரண்டாவது முறை, சொந்தக்காரப் பெண்ணின் சடங்கு என்றாள். உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் லயத்திலிருந்து வயிற்றில் கத்தி வைக்கக் கீழே போன இரண்டு பேர், தோட்டத்து லொறியில் துணியால் சுற்றப்பட்டுத்தான் மேலே வந்தார்கள்.

மூன்றாவது தவணை ஒரு திங்கட்கிழமைக்கு வந்தது. இந்த முறை வராவிட்டால் பிறகு வந்து பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கெஞ்சினார், அம்மா சண்டை பிடித்தாள். அத்தை கடைசியில் ஒரு முடிவு சொன்னாள்.

“டீச்சருக்கு வர்ற ஞாயித்துக்கிழம ஆப்பரேசன். அவ பொழைச்சு எந்திரிச்சா மறுநாளு நானும் போறேன். இல்லாட்டி என்னைய யாரும் கூப்புடாதீங்க.”

இதைக் கேட்டு அதிகம் சந்தோசப்பட்டவர் மாமா, அத்தையின் புருசன். கொழுந்தை அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை. எதையும் சிரிப்பாக்கிவிடுகிற ஆள். “அட, கதாநாயகிய எவனாச்சும் சாவடிப்பானா? சாவடிச்சா அடுத்த வாரம் யாரு பாப்பா?” என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சனிக்கிழமை அவரே பெட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்கினார். எங்கள் காலத்தில் புருசன்மார் பெண்சாதி மேல் வைத்திருந்த பிரியத்தை வாயால் சொன்னதில்லை. மாமாவின் சட்டைத் தோளில் பெட்டரித் தண்ணீர் பட்டு விழுந்த ஓட்டை வெகுகாலம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு வலி கூடிவிட்டது. மேல் லயத்துப் படிகளை ஏற முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு, “நீ போயி நல்லா பாத்துட்டு வந்து சொல்லுடி. ஒனக்குத்தான் பொய் சொல்ல வராது” என்றாள். எனக்கு மகா பெருமையாக இருந்தது. அவளுடைய இடத்திலேயே, முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

வெளியே நல்ல பனி. டிவிக்குள்ளும் பனி. ஒரு பெரிய வட்ட விளக்கு எரிந்தது. டீச்சரின் முகம் மட்டும் தெரிந்தது. ஏதோ நல்ல கனவு காண்கிறவள் போலத் தூங்கினாள். பிறகு டாக்டர் வெளியே வந்து, வாயைக் கட்டியிருந்த துணியைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அக்கா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்தது ஒரு பாதை. இரண்டு பக்கமும் சாவு வீட்டு வெள்ளைக் கொடி. வெள்ளை உடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆளுக்கொரு வெள்ளைப் பூவோடு வரிசையில் நின்றார்கள்.

பிறகு ஒருத்தி, “என்னப் பெத்த ராசாத்தி” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். அவ்வளவுதான், அறை முழுக்க அழுகை. அம்மா பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். தாய் இல்லாத பிள்ளைக்கு நாமாவது அழவேண்டும் என்பது போல அழுதார்கள். மாமா மட்டும் பெட்டரிக்குப் பக்கத்தில் குந்தி, வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வயரைச் சரியாகக் கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் அழவில்லை. எனக்கு வேறு பயம். பெரியாஸ்பத்திரியில் இப்போது ஒரு கட்டில் காலி. நாளைக்கு அத்தை போனால் அவளுக்கு அந்தக் கட்டிலைத்தானே கொடுப்பார்கள்?

எல்லோரும் எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே இறங்கினோம். இருட்டத் தொடங்கியிருந்தது. வழியில் பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீர் தகரக் குழாயில் விழுந்துகொண்டே இருக்கும் இடம். முன்னால் போன பெண் நேராக அதன் அடியில் போய்த் தலையைக் கொடுத்தாள். அடுத்தவளும் கொடுத்தாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா என்னையும் இழுத்துத் தலையில் தண்ணீர் விட்டாள். ஊசி ஊசியாகக் குத்துகிற தண்ணீர். எனக்குப் பல் அடித்தது. மாமாவும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

அப்போதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. “ஐயோ, அண்ணிகிட்ட என்னத்த சொல்றது?” என்றாள்.

மாமா பீலிக்கு அடியிலிருந்தே பேசினார். “பொழைச்சிட்டான்னு சொல்லுங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். யாராச்சும் மூஞ்சிய தொங்கப்போட்டா பாத்துக்கங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “மருமவளே, ஒன்னையத்தான் கேப்பா. டீச்சர் எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேட்டுச்சுன்னு சொல்லு. என்னா?” என்றார். அந்த ஈரத்தில் அவர் கண்ணில் வழிந்தது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர் அத்தையின் காம்பராவுக்குள் நுழைந்தபோது, அவள் குப்பி லாம்பை ஏற்றிவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். மாமாதான் கையைத் தட்டி ஆரம்பித்தார். டீச்சர் கண் திறந்ததும் டாக்டர் துள்ளிக் குதித்தாராம். பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் பூ கொண்டுவந்து கொடுத்தார்களாம். ஆஸ்பத்திரி முழுக்கப் பாற்சோறு சமைத்துக் கொடுத்தார்களாம். மாமா தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர். அம்மா அவர் காலை மிதித்தாள்.

அத்தை சிரித்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, கட்டில் சட்டத்தில் கிடந்த துவாயை எடுத்து என் தலையைத் துவட்டத் தொடங்கினாள். “இந்தப் பனியில புள்ளைக்கு தலைக்கு ஊத்தி வச்சிருக்கீங்களே” என்று முணுமுணுத்தாள். காது மடல், கழுத்து என்று மெதுவாகத் துவட்டினாள். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ சொல்லு. டீச்சர் பொழைச்சிட்டாளா?”

காலிக் கட்டில் என் கண் முன்னால் வந்து நின்றது. மாமா அத்தைக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு சின்னப் பிள்ளையைக் கும்பிடாத குறையாகப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேட்டாங்க அத்தை” என்றேன்.

அத்தை துவாயை என் தலையிலிருந்து எடுத்து மடித்தாள். “அப்ப சரி. நாளைக்குப் போவோம்” என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

மறுநாள் விடியற்காலையில் பனிக்குள் எல்லோரும் பஸ் பாதை வரை நடந்தோம். முன்னால் போகிறவர்களின் கால்கள் தெரியவில்லை, தலைகள் மட்டும் மிதந்தன. மாமா பையைப் பிடித்திருந்தார். பஸ் ஏறும்போது அத்தை என் கன்னத்தைத் தட்டி, “டீச்சர பாத்தா நீ கேட்டேன்னு சொல்றேன்” என்றாள். நான் ஓவென்று அழுதேன். ஏன் அழுகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. அத்தைமேல் பாசம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அத்தை பிழைத்து வந்தாள். மெலிந்து, வெளுத்து, பஸ்ஸிலிருந்து இறங்கித் தன் காலால் நடந்தே லயத்துக்கு வந்தாள். பிறகு மறுபடி கொழுந்து எடுத்தாள், மகனைப் படிக்கவைத்தாள், பேரப்பிள்ளைகளைப் பார்த்தாள். டிவியிலும் முன்வரிசையில் உட்கார்ந்து எத்தனையோ நாடகம் பார்த்தாள். டீச்சரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மாமாவோ கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று எங்கே நாலு பேர் கூடினாலும், தான் ஒரே ஒரு பொய் சொல்லிப் பெண்சாதியைக் காப்பாற்றிய கதையை எடுத்துவிடுவார். அத்தை அந்தப் பக்கம் திரும்பி வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். அவள் காதில் விழாதபடி சொல்வதாக மாமாவுக்கு ஒரு நினைப்பு. நானும் என் பங்குக்குப் பெருமைப்பட்டுக்கொள்வேன். பொய் சொல்ல வராத நான் சொன்ன பொய்யைத்தானே அத்தை நம்பினாள்!

போன வருசம் அத்தை போய்ச் சேர்ந்தாள். கட்டுகஸ்தோட்டையில் மகன் வீட்டில், வயதாகி, தூக்கத்தில். அத்தையை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் நாங்கள் கொல்லைப்புறக் குழாயடியில் ஒவ்வொருவராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். சுடலைக்குப் போன ஆண்கள் பொழுது சாயும் நேரம் திரும்பினார்கள். அவர்களும் குழாயடிக்குத்தான் முதலில் வந்தார்கள். மாமா குளித்துவிட்டு, நரைத்த தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்.

அந்தத் தலையைப் பார்த்ததும் எனக்கு அன்றைய பீலியடி ஞாபகம் வந்தது. பொழுதுபட்ட நேரத்தில், அந்தக் குளிரில், வீட்டுக்குள் கால் வைக்குமுன் யார் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள்? சாவு வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் மட்டும்தான். ஏழெட்டுப் பேரும் ஈரத் தலையோடு போய் வரிசையாக நின்றுகொண்டு, டீச்சர் பிழைத்துவிட்டாள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்ததும், என் தலையை அவ்வளவு நேரம் துவட்டியதும், பஸ்ஸில் ஏறும்போது சொன்னதும் எல்லாம் சேர்ந்து வந்து நெஞ்சில் இறங்கின. அவள் தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறாள். லயமே சேர்ந்து தனக்காக இப்படிப் பொய் சொல்கிறதே என்று, அதற்காகவே போயிருக்கிறாள்.

மாமா என்னைப் பார்த்தார். “ஒன் அத்தைய அன்னிக்கு ஏமாத்தித்தானே அனுப்பி வச்சோம் மருமவளே. நம்பிட்டா, இல்ல?” என்றார்.

கொடியில் கிடந்த துவாயை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன்.

“நல்லா நம்புனாங்க மாமா” என்றேன்.