தாம்போதியில் ஒரு கூரைப் பரீட்சை

முப்பதைத் தாண்டித்தான் நான் கட்டடப் பொறியியல் படிக்கப் போனேன். அதற்கு முன்பு ஒரு கந்தோரில் மேசை துடைக்கிற சாட்டில் கணினியைத் தட்டித் தட்டி வீட்டுப்படம் கீறப் பழகினவன். வகுப்பில் எல்லோருக்கும் நான் ‘அண்ணா’. இறுதியாண்டுத் திட்டத்தில் என்னோடு சேர்ந்த மன்னார் எருக்கலம்பிட்டிப் பிள்ளை மட்டும் கோபம் வந்தால் அதையே தன் ஊர் வழக்கப்படி ‘நானா’ என்பாள். அந்த வருசம் அநேகமாக நான் நானாதான்.

அவளுடைய ஊருக்கு ஒரு முன்பள்ளி வரைவதுதான் எங்கள் திட்டம். சுவரும் யன்னலும் அவளுக்குப் பிறகு. முதலில் தாழ்வாரம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற தாய்மார் மதிய வெயிலில் மதிலோடு ஒட்டி நிற்பதைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவள். “உம்மாமார் நிக்க நிழலில்லாத பள்ளிக்கூடம் என்ன பள்ளிக்கூடம்?” என்று கேட்டுக் கூரையைச் சுவருக்கு வெளியே நீளமாக இழுத்துவிட்டாள்.

எங்கள் விரிவுரையாளர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிள்ளை, இது கூரையில்லை, செட்டை. சோளகம் அடிச்சால் பறக்கும்.”

கணக்கைக் காட்டினோம்.

“உங்கட கணக்கை நான் நம்பிறன். காத்து நம்போணுமே! கண்ணுக்குக் காட்டுங்கோ, இல்லாட்டித் தாழ்வாரத்தை வெட்டுங்கோ.”

இப்படிச் சோதிக்கக் காற்றுச்சுரங்கம் என்று ஒரு கருவி இருக்கிறது. மாதிரியை உள்ளே வைத்து ஊதிப் பார்ப்பார்கள். எங்களிடம் அது இல்லை. ஆனால் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற மன்னார்த் தாம்போதி இருந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் அந்த வீதியில் மோட்டார் சைக்கிள்காரர் சரிந்துதான் ஓடுவார்கள்.

ரிஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை அட்டையில் முன்பள்ளியைச் சின்னதாக வெட்டி, ஒரு பாரமான பலகையில் ஒட்டினோம். எந்த ஓரம் முதலில் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும் என்பதால் கூரையை மட்டும் ஒட்டவில்லை. தொழிலுக்குக் கடலுக்குப் போகிற என் மச்சான் தன்னுடைய பட்டா லொறியில் எங்களை ஏற்றிப் போனான். தாம்போதியின் ஓரக் கட்டில் மாதிரியை வைத்துப் பிடிக்கச் சொல்லி அவனிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் படம் பிடிக்கக் கைத்தொலைபேசியை நிறுத்த இடம் தேடினோம்.

அதற்குள் சனம் கூடிவிட்டது. எங்கட சனத்துக்கு ஒரு சாமானைக் கண்டால் பேர் வைக்காமல் போகேலாது. ஒருவர் புறாக்கூடு என்றார். மீன்பெட்டிக்காரர் சைக்கிளில் இருந்து இறங்காமலே, “நத்தாருக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு, இப்பவே பாலன் குடிலோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மச்சான் கையை எடுத்தான். காற்று வந்து அடித்தது. கூரை அசையவில்லை. ஒரு ஓரம்கூட எழும்பவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்! நானா, பாத்தீங்களா!” என்று அவள் துள்ளினாள். சந்தோசத்துக்கும் நானாதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படம் பிடித்து முடித்துக் கூரையைக் கழற்றப் போனேன். கழலவில்லை. குனிந்து பார்த்தால், நாலு மூலையிலும் கண்ணாடி மாதிரி, மீன்பிடிக்கிற தங்கூசி நூல், படகு கட்டுகிற முடிச்சு.

“என்னடா மச்சான் இது?”

“பறந்திடுமெண்டு கட்டினனான். இந்தக் காத்தில சாமானைக் கட்டாமல் விட நானென்ன விசரனே?” முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. பெருமைதான் இருந்தது. “தங்கச்சி, படத்தில தெரியாது. அப்பிடியே குடுங்கோ.”

அவள் துள்ளல் நின்றுவிட்டது. “படத்தில தெரியாது. பள்ளிக்கூடம் கட்டினாத் தெரியும். கூரை உம்மாமார்ர தலையிலதான் விழும். அறுங்கோ.”

மச்சான் நாலாவது மூலையை அறுத்துக் கையை எடுக்கவும் கூரை போய்விட்டது. எழும்பி, ஒருதரம் புரண்டு, கட்டைத் தாண்டிக் கடலுக்குள். சனம் கைதட்டியது. முழங்கால் தண்ணீரில் வலை வீசிக்கொண்டு நின்றவர் அதைத் தூக்கிப் பிடித்து, “ஆற்றையடா இந்தக் கூரை?” என்று கத்தினார்.

அவள் இறங்கிப் போய் வாங்கி வந்தாள். ஈரக் கூரையை மடியில் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். தாழ்வாரத்தை வெட்டச் சொல்லி யாராவது வாயைத் திறந்தால் அவரையும் கடலுக்குள் தள்ளியிருப்பாள். பிறகு பிளேட்டை எடுத்தாள். தாழ்வாரத்தின் ஓரத்தைத் தொடவில்லை. கூரை சுவரைத் தாண்டுகிற இடத்தில், நீளத்துக்கு ஒரு பிளவு வெட்டினாள்.

“காத்து கீழால வந்து முட்டுது. முட்டாமல் மேல போக வழி விடுவம்.”

திரும்ப வைத்தோம். ஒருவரும் பகிடி விடவில்லை. கூரை நடுங்கியது, ஆனால் இருந்தது. எவ்வளவு நேரம் பார்ப்பது? மச்சான் பயத்தில் சத்தமாக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடித்தான். கூரை அப்படியே இருந்தது.

“இன்னொண்டு சொல்லுங்கோ” என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். அவன் சொன்னான். அதற்கும் இருந்தது.

பரீட்சையன்று பறந்த படத்தையும் பறக்காத படத்தையும் போட்டுக் காட்டினோம். விரிவுரையாளர் பிளவில் பேனாவை வைத்தார். “மழைக்கு இதுக்குள்ளால ஒழுகுமே?”

அதை நாங்கள் யோசிக்கவேயில்லை.

“ஒழுகும் சேர்,” என்றாள் அவள். “ஆனா எங்கட ஊரில மழை பெஞ்சா ஆரும் பிள்ளைய முன்பள்ளிக்கு விடமாட்டினம்.”

முதலில் சிரித்தவர் அவர்தான். சிரித்து முடித்துவிட்டு, “சரி, தாழ்வாரம் இருக்கட்டும்” என்றார்.