படிகத்தை உரித்த அக்கா

கதவைத் திறந்தபோது, அரிசி மணியளவே இருந்த அந்தச் சாம்பல் நிறப் படிகத்தை அக்கா செலோடேப்பால் உரித்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அக்கா எங்கள் பௌதிக ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குருநகரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். ஒரு தடவை அளந்ததை நம்பவே மாட்டார். அளவுகளை எழுதிய கொப்பியை நான் மூடும் நேரம் பார்த்து, "சேர், இன்னொருக்கா பாப்பமே?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் உட்காருவேன்.

அந்தப் படிகம் வெளிநாட்டில் இருந்த நண்பர் ஒருவர் அனுப்பியது. உட்புறம் மின்சாரத்தைக் கடத்தாது, மேற்பரப்பு மட்டும் கடத்தும் என்று சொல்லப்படும் விசித்திரமான பொருள். மின்சாரத்தைச் சுமந்து மேற்பரப்பில் ஓடும் இலத்திரனின் சுழற்சி, அது போகும் திசையோடு கட்டுண்டது. வந்த வழியே திரும்புவதென்றால் சுழற்சியையும் புரட்டிக்கொள்ள வேண்டும். அதனால் வழியில் சின்னச் சின்னக் குறைகள் இருந்தாலும் அது இலேசில் பின்வாங்காது. படிகத்தைக் குளிரூட்டத் திரவ நைதரசனுக்காக மாதக்கணக்கில் அலைந்து, அந்த ஓட்டத்தை அளந்துவிட்டேன் என்றே நம்பினேன். கட்டுரை தயார். மாநாட்டுக்கு அனுப்ப இரண்டே நாள்தான் இருந்தது.

"என்ன அக்கா செய்யிறியள்? உந்தப் படிகத்தை விட்டால் எங்களிட்டை வேறை இல்லை!" என்று கத்தினேன்.

அக்கா நிமிரவில்லை. "மின்சாரம் தோலாலை மட்டும் போகுதெண்டால், தடிப்பைப் பாதியாக்கினாலும் தடை மாறக்கூடாதுதானே? நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்."

சொன்னவன் நான்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. புதிதாகக் கம்பிகளை ஒட்டி அளந்தோம். தடிப்பு பாதியாகியிருந்தது, தடை இரண்டு மடங்காகியிருந்தது. மறுபடி உரித்தார், மறுபடி கூடியது. மின்சாரம் உள்ளாலேயே போயிருக்கிறது. படிகத்துக்குள் இருந்த குறைகளே அதற்கு வழி விட்டிருந்தன.

கட்டுரையை அனுப்பவில்லை. மூன்று நாள் அக்காவோடு நான் கதைக்கவில்லை. நான்காம் நாள் காலை அவரே கேட்டார்.

"கோவமோ சேர்?"

"ஓம்."

"எனக்கும்தான்." இடுக்கியைத் துடைத்தபடி சொன்னார். "கட்டுரையிலை என்ரை பேரும் வருதெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். அவ கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டா."

இரண்டாவது பெயராக அக்காவின் பெயரை நானே போட்டிருந்தேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது. உரிக்கும்போது அக்காவுக்கு அது மறந்திருக்காது.

இன்னொரு படிகம் கேட்டு நண்பருக்கு எழுத உட்கார்ந்தேன்.